புகையே இல்லாத கம்பெனி

போன் அலறியது!

எடுத்தாள் சப்-இன்ஸ்பெக்டர் விஜயராணி.

"அம்மா... கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள சசிகுமார் சார் செத்துக் கெடக்காரும்மா! சீக்கிரம் வாங்க!"

பேசியவன் மூக்கையா. அவிநாசி ரோட்டில் லிங்கசாமியின் பனியன் கம்பெனியில் ஜெனரேட்டர் ஆபரேட்டர்.

ஜீப் பறந்தது.

கண்ணாடி அறை. வெளிநாட்டு ஆர்டர்களை இன்டர்நெட்டில் வாங்கும் கம்ப்யூட்டர்கள். நாற்காலியிலிருந்து சரிந்து கிடந்தான், அவற்றை இயக்கும் சசிகுமார். முப்பது வயதுகூட இருக்காது. முகம் செக்கச் செவேலென்று... தூங்குகிறவன் மாதிரி!

விஜயராணிக்கு மூக்கு எரிந்தது.

டீசல் புகை!

சுவரில் ஏசிக்குக் கீழே ஓர் ஓட்டை. ஜெனரேட்டரின் புகைக் குழாயைத் திருப்பி யாரோ அதில் செருகியிருந்தார்கள்.

கொலை!

"வெளியே தாப்பா போட்டிருந்துச்சும்மா..." மூக்கையா கதவைக் காட்டினான்.

"இன்னைக்குப் பவர் ஹாலிடே, நாள் பூரா கரண்ட் கிடையாது. கம்பெனி லீவு. நீ எதுக்கு வந்தே?"

"லைன் வீடு பக்கத்துலதாம்மா. ஜெனரேட்டர் ஓடுற சத்தம் கேட்டுச்சு. நான் இல்லாம யாரு ஓட்டுறதுன்னு ஓடியாந்து ஆஃப் பண்ணேன். கதவைத் தெறந்தா..."

அழுதான்.

ஸ்டேஷனிலிருந்து போன் போயிருந்தது. வாசலில் கார் வந்து நின்றது. முதலாளி லிங்கசாமி!

"ஏனுங்க மேடம், என்னங்க இது அநியாயம்! காலையில இருந்து நான் சேவூர் தோட்டத்துல இருந்தனுங்க. ஜெனரேட்டர் சாவி இவங்கிட்டயும் இருக்குதுங்க. சசிக்கும் இவனுக்கும் ஆகாதுங்க. புடிச்சு உள்ள போடுங்க!"

கேட்டுக்கு வெளியே மூக்கையாவின் மனைவி முத்துப்பேச்சி தலையிலடித்துக்கொண்டு அழுதாள்.

விஜயராணி மூக்கையா பக்கம் திரும்பினாள். சாவி, கைரேகை, எல்லாம் இவன் தலையிலேயே விழுகிறது. இன்று இவனைக் கூட்டிக்கொண்டு போனால், திரும்பி வருவானா?

"சசிக்கும் உனக்கும் என்ன சண்டை?"

"எனக்கில்லம்மா, மொதலாளிக்கும் சாருக்குந்தான்! இன்டர்நெட் வந்தப்புறம் ஆர்டர் கொட்டுது. கரண்டு இருக்கிறதில்ல. ஒரு ட்ரம் டீசல் ஊத்துன எடத்துல இப்ப மூணு! தெருவே புகை. வெளிநாட்டுக்காரனுக்கு மட்டும் 'புகையே இல்ல'ன்னு சொல்றாக. நெசத்தை எழுதிப்புடுவேன்னு சார் கொதிச்சாரு..."

"பொய்யுங்க!" லிங்கசாமி சீறினார். "எங்குளுது கிரீன் கம்பெனிங்க. எல்லாமே கம்ப்யூட்டர், பேப்பரே கெடையாதுங்க. ஜெனரேட்டரே ஓடறதில்லீங்க. ஆர்டர் குடுக்கற பையருக்குத் தெனமும் ஜெனரேட்டர் கணக்கை நாந்தான் என்ற கையால அனுப்பறனுங்க. பாஸ்வேர்டு வேற யாருக்கும் தெரியாதுங்க!"

"இன்னைக்கு?"

"அனுப்பாம இருப்பனுங்களா? ஒரு நாள் தவறுனாலும் ஆர்டர் போயிருமுங்க. இன்னைக்கும் 'ஜெனரேட்டர் ஜீரோ'னு அனுப்பிச்சாச்சுங்க!"

"சேவூர் தோட்டத்துல கம்ப்யூட்டர் இருக்கா சார்?"

"அங்க ஏதுங்க... இங்க என்ற ரூம்லதான்..."

சட்டென்று வாயை மூடினார்.

ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது!

"மூக்கையா, கரண்ட் இல்லாதப்போ அந்தக் கம்ப்யூட்டர் எப்படி ஓடும்?"

"ஜெனரேட்டரைப் போட்டாத்தாம்மா. பேட்டரி செத்து மாசமாச்சு."

விஜயராணி லிங்கசாமியின் அருகில் வந்தாள்.

"லீவு நாள்ல சசியை வேலைக்குக் கூப்பிட்டீங்க. கதவைத் தாப்பா போட்டீங்க. புகையை உள்ளே விட்டீங்க. அவன் சாகிற நேரத்துல, அதே ஜெனரேட்டர் கரண்ட்ல பக்கத்து ரூம்ல உட்கார்ந்து, 'ஜெனரேட்டர் ஓடலை'ன்னு தட்டியிருக்கீங்க!"

"மேடம்... பேசிக்கலாமுங்க..."

விலங்கு பூட்டியாயிற்று. மூக்கையா மனைவி நின்ற கேட்டை நோக்கி ஓடினான்.

வெளியே வரிசையாகப் பக்கத்துக் கம்பெனி ஜெனரேட்டர்கள் உறுமின. வானம் கரிப்பிடித்துக் கிடந்தது. சசியைக் கொன்ற அதே புகை! இதற்கு யாரைக் கைது செய்வது?

"எ... எங்கீங்க கூட்டிட்டுப் போறீங்க?" லிங்கசாமியின் குரல் உடைந்தது.

"கவலைப்படாதீங்க சார். ஜெயில்ல கரண்ட் போனா விசிறி மட்டைதான். இனிமே தினமும் 'ஜெனரேட்டர் ஜீரோ'ன்னு தைரியமா எழுதலாம்... பொய்யே இருக்காது!"