நாற்பத்து மூன்று விநாடி

"மொத்தம் இருபத்து நாலு பகுதி. அதுல பாதி நேரம் இந்தப் பிள்ளை துடுப்பு போட்டுக்கிட்டே இருக்கா. கதை எப்பய்யா கரை சேரும்?"

குறை அணிப் பேச்சாளர் அஞ்சுகம் கேட்டு முடிப்பதற்குள் நெல்லை வெள்ளிமன்ற அரங்கம் அதிர்ந்தது. நானூற்று இருபத்து நாலு இருக்கைகளிலிருந்தும் விசில் பறந்தது. குறை அணி ரசிகர்கள் சிவப்புத் துண்டைச் சுழற்றினார்கள். எதிரே நிறை அணி மேசையில் துரைப்பாண்டி தலையில் கை வைத்துக்கொண்டு, "ஆத்தாடி, முதல் பந்தே மண்டைக்கா!" என்று முனகியது ஒலிவாங்கியில் தெளிவாகக் கேட்டது. மறுபடியும் சிரிப்பு.

மேடைக்குப் பின்னால் மாடித் தண்ணீர்த் தொட்டி அளவில் வெள்ளையாக நின்ற மெருகி என்ற எந்திரம் மட்டும் சிரிக்கவில்லை. அது கேட்டுக்கொண்டிருந்தது.

மெருகி வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. பதிப்புரிமைக் காலம் முடிந்த ஜப்பானிய அனிமே சித்திரத் தொடர்கள், படங்கள் அத்தனையும் அதன் வயிற்றில். வெள்ளிதோறும் மாலை நான்கு மணிக்கு ஒரு தொடரை எடுத்துப் பட்டிமன்றம் வைப்பார்கள். ஒவ்வோர் இருக்கையிலும் ஒரு சிறு திரையும், நிறைக்குப் பச்சை, குறைக்குச் சிவப்பு என இரண்டு பொத்தான்களும். யாருடைய கண் எந்தக் காட்சியில் திரையை விட்டு விலகுகிறது என்று குறித்துக்கொள்ள ஓர் உணர்கண்ணும் உண்டு. குறை அணி வென்றால், நிரூபிக்கப்பட்ட குறைகளைக் களைந்து ஒரு மணி நேரத்தில் தொடரையே புதிதாக வரைந்துவிடும் மெருகி. நிறை அணி வென்றால், எது அழகு என்று நிரூபணமானதோ அதைப் பெருக்கிவிடும். புதிய படி வீட்டுத் திரைகளுக்கெல்லாம் போகும். பழையது அழியும். மேலானது கையில் இருக்க மட்டமானது எதற்கு என்பது சட்டம்.

மக்களுக்கு வாராவாரம் திருவிழாதான். தான் அமுக்கிய பொத்தானால் அன்று மாலையே ஒரு வில்லனுக்கு மூக்கு மாறுகிறதென்றால் யாருக்குத்தான் கசக்கும்?

அஞ்சுகம் களையெடுத்த குறைகளுக்குக் கணக்கே இல்லை. ஓர் எந்திரவீரன் தொடரில் நாயகன் எதற்கெடுத்தாலும் அழுகிறான் என்று அவள் நிறுவினாள். மறுநாள் முதல் அவன் பெற்ற தாயின் சாவு வீட்டில்கூடக் காய்ந்த கண்ணோடு நின்றான். துரைப்பாண்டியும் லேசுப்பட்டவன் இல்லை. ஒரு துப்பறியும் தொடரில் நூடுல்ஸ் சாப்பிடும் காட்சிதான் உயிர் என்று வாதாடி வென்றான். இப்போது அதில் ஒன்பது பகுதிகளுக்கு எல்லோரும் நூடுல்ஸ் உறிஞ்சுகிறார்கள், கொலைகாரன் உட்பட.

இன்றைக்கு எடுத்துக்கொண்ட தொடர் 'நீலத் துடுப்பு'. உரிமை முடிந்து இந்த வாரம்தான் மெருகியிடம் வந்தது. கடலில் மூழ்கிய நகரங்களுக்கிடையே படகோட்டும் மியோ என்ற பெண்ணின் கதை. அஞ்சுகத்துக்கு உலகத்திலேயே பிடித்த தொடர் அதுதான் என்பது அரங்கில் ஒருவருக்கும் தெரியாது.

சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து அடுத்த வேலையைப் பார்க்கிற ஜன்மம் அவள். அப்படிப்பட்டவளையும் கட்டிப்போட்ட காட்சி ஒன்று பதினேழாம் பகுதியில் இருந்தது. போருக்குப் போன தம்பி கடைசிப் படகிலும் வரவில்லை. மியோ படித்துறையில் நிற்கிறாள். நாற்பத்து மூன்று விநாடி திரையில் ஒரு கோடுகூட அசையாது. மழைச் சத்தம் மட்டும். படம் வரைய ஆளும் இல்லாமல் நாளும் இல்லாமல், ஒரே சித்திரத்தை நிறுத்திவைத்து ஒப்பேற்றிய இடம் அது என்பது அனிமே ரசிகர்கள் அனைவரும் அறிந்த சங்கதி. அந்த நாற்பத்து மூன்று விநாடியில்தான் அஞ்சுகம் நிதானமாக மூச்சு விட்டிருக்கிறாள்.

இன்று அவள் வென்றால் அந்தக் காட்சி போய்விடும். வேண்டுமென்றே தோற்கலாமா என்றால், துரைப்பாண்டி அதே காட்சியைத்தான் நிறையாக வைக்கப் போகிறான். மேடைப்படி ஏறும்போதே பெருமையாகச் சொல்லிவிட்டான். அப்புறம் இருபத்து நாலு பகுதியிலும் போகிறவன் வருகிறவன் எல்லாம் சிலையாக நிற்பார்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் வெட்டு விழுவது மியோவுக்குத்தான்.

துரைப்பாண்டி எழுந்தான்.

"நடுவர் அவர்களே! தங்கச்சி துடுப்பைப் பழிக்கா. அந்தத் துடுப்பு தண்ணியத் தொடுத அழகைப் பாத்தாளா? மியோ சிரிச்சா தண்ணி ஒரு நீலம், பயந்தா வேற நீலம்! வில்லன் எதுக்குச் சண்டை போடுதான்னு அவனுக்கே தெரியல, ஒத்துக்கிடுதேன். கடைசிப் பகுதிய ரயிலைப் பிடிக்கப் போற மாதிரி ஓட்டிட்டாங்க, அதையும் ஒத்துக்கிடுதேன். ஆனா பதினேழாம் பகுதியில அந்தப் பிள்ளை நிக்கிற நிப்பு! அதுக்கு ஈடு உண்டாய்யா?"

பச்சைத் துண்டுகள் கூரையைத் தொட்டன.

நடுவர் மெகருன்னிசா மணியைத் தட்டினார். "குறை அணிக்குக் கடைசிச் சுற்று. மூணே நிமிஷம், அஞ்சுகம்மா."

அஞ்சுகம் எழுந்தாள். யோசிக்க நேரமில்லை. பேசிக்கொண்டே யோசித்தாள்.

"நானும் அந்தப் பதினேழாம் பகுதியைத்தான் சொல்லுதேன். படு மட்டமான குறை அது! அனிமேன்னா அசையணும். அது அசையல. வேலைய முடிக்காமக் கைகழுவிட்டுப் போன இடம்."

சிவப்பு ஆரவாரம். அவள் கையை உயர்த்தி அடக்கினாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். அங்க நிக்கும்போது மியோ மனசுல என்ன ஓடுது?"

"தம்பி போய்ட்டான்னு புரிஞ்சுபோச்சு. வேறென்ன?" என்றான் துரைப்பாண்டி.

"இல்ல, வந்துருவான்னுதான் நிக்கா!" மூன்றாம் வரிசையில் ஒரு பெண் துள்ளி எழுந்தாள்.

"அது கோவம்மா, கோவம்!" என்றார் ஒரு வழுக்கைத் தலைக்காரர்.

"பசிக்குய்யா அவளுக்கு!" என்றது பின்வரிசை. அரங்கம் குலுங்கியது.

அஞ்சுகத்தின் குரல் ஏறியது. "பாத்தியளா? ஒரே சித்திரம்! கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரைஞ்சிருந்தா அழுகைன்னு கதை முடிஞ்சிருக்கும். வரைய நேரமில்லாமப் போனதுனாலதான் மிச்சத்த நாம ஆளாளுக்கு வரையுதோம். அந்தக் குறையப் பிடுங்கினா நிறையும் சேந்து வந்துரும். நிறையப் பெருக்கினா குறைதான் பெருகும். படம் மாறல, பாக்குற நாமதான் மாறுதோம்! அதனால சொல்லுதேன்..." மேடை விளிம்புக்கே வந்துவிட்டாள். "ரெண்டு பொத்தானையும் சேத்து அமுக்குங்க!"

அரங்கம் திகைத்தது. துரைப்பாண்டி பாய்ந்தெழுந்தான். "நடுவர் அவர்களே, இது எந்த ஊர் நியாயம்?"

மெகருன்னிசா விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அவர் முகத்தில் பள்ளிப் பிள்ளையின் குறும்பு வந்தது. "ரெண்டையும் அமுக்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதலையே! ஆண்டவன் ரெண்டு கை குடுத்திருக்கான். அமுக்குறவங்க அமுக்கலாம்."

துரைப்பாண்டி ஒலிவாங்கியைப் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தான். "ஏட்டி, ஒனக்கு இந்தப் படம் அம்புட்டுப் பிடிக்குமா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவன் பெருமூச்சு விட்டான். பிறகு தன் ரசிகர்களைப் பார்த்து இரண்டு கட்டைவிரல்களையும் உயர்த்தினான்.

நானூற்று இருபத்து நாலு ஜோடிக் கைகள் ஒன்றாக இறங்கின. பலகையில் எண்கள் விறுவிறுவென்று ஏறி நின்றன. நிறை 424. குறை 424.

பதினோரு ஆண்டுகளில் முதல் முறையாக மெருகி பதில் சொல்லத் தயங்கியது. ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று.

"நீலத் துடுப்பு. திருத்த ஒன்றுமில்லை. தொடர் அப்படியே வைக்கப்படுகிறது."

சிவப்பும் பச்சையும் ஒன்றாகப் பறந்தன. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். துரைப்பாண்டி அஞ்சுகத்தின் கையைப் பிடித்து வானத்துக்கு உயர்த்தினான். அவள் அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள்.

மெருகி இன்னும் முடிக்கவில்லை.

"படம் மாறவில்லை, பார்ப்பவரே மாறுகின்றனர் என்று குறை அணிப் பேச்சாளர் நிறுவியுள்ளார். எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டது. இதுவரை தவறான பொருளைத் திருத்திவந்தமைக்கு வருந்துகிறேன்."

இருக்கைத் திரைகள் எல்லாம் ஒளிர்ந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பட்டியல்: உட்கார்ந்திருப்பவரின் பெயர், கீழே நிறைகள், குறைகள். பதினோரு ஆண்டுகளாக உணர்கண்கள் சும்மா இருக்கவில்லை.

"'சோகக் காட்சியில் கைபேசியைத் தடவுபவர்.' ஏங்க, இது நீங்கதான்!" என்று ஒரு மனைவி கைகொட்டினாள்.

"ஒன்னோடதப் படி. 'முடிவை முன்கூட்டிச் சொல்லிப் பிறர் இன்பம் கெடுப்பவர்.' மெருகிக்கே தெரிஞ்சுபோச்சு!"

அரங்கம் முழுக்க ஒருவர் பட்டியலை ஒருவர் எட்டிப் பார்த்து ஒரே கும்மாளம். வழுக்கைத் தலைக்காரர்தான் சந்தேகம் கேட்டார். "ஏம்ப்பா, படத்தைத் திருத்தலாம். ஆளை எப்படித் திருத்துவ?"

"நீங்கள் பார்ப்பதை எல்லாம் நான்தான் தருகிறேன். பார்ப்பது மாறினால், பார்ப்பவர் மாறுவார்" என்றது மெருகி. "அடுத்த வெள்ளியின் தலைப்பு: பேச்சாளர் அஞ்சுகம்."

கைதட்டல் காதைப் பிளந்தது. இதுவரை எந்தத் தலைப்புக்கும் இப்படித் தட்டியதில்லை.

அஞ்சுகம் மேடை விளிம்புக்கு ஓடினாள். "எனக்கும் ரெண்டு பொத்தானையும் சேத்து அமுக்குவியள்லா?"

மூன்றாம் வரிசைப் பெண் கொஞ்சம் சங்கடப்பட்டாள். "அது படத்துக்குச் சரிக்கா. படத்துல குறை இருந்தா ரசிச்சுக்கிடலாம். ஆளுக்கு இருந்தா எப்படிப் பொறுக்க?"

"குறை அணிக்கு யாரு?" என்று நடுவர் கேட்டதும் நூறு கைகள் எழுந்தன. ஆனால் துரைப்பாண்டி ஏற்கெனவே அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். "கோவிச்சுக்கிடாதட்டி. பதினோரு வருஷமா எல்லாம் அழகு அழகுன்னு சொல்லி நாக்கே திகட்டிப்போச்சு."

"நிறை அணிக்கு?"

ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் பட்டியலிலிருந்து நிமிர்ந்து மேடையையே பார்த்தார்கள்.

அஞ்சுகம் மெல்ல நடந்துபோய், பச்சைத் துணி விரித்த அந்த மேசைக்கு முன்னால் தானே உட்கார்ந்தாள்.

"நல்லதும்மா" என்றார் மெகருன்னிசா, பேனாவைத் திறந்தபடி. "சுவரொட்டிக்கு ஒரு வரி வேணும். உன் நிறை ஒண்ணு சொல்லு, எழுதிக்கிறேன்."

அஞ்சுகம் வாயைத் திறந்தாள். குறைகள்தான் வரிசையாக வந்து நின்றன.