லீவில் இருந்த பிணம்

"ஐயோ... நம்ம டாக்டரம்மா!"

ஆபரேஷன் தியேட்டர் வராந்தாவே அதிர்ந்தது!

துடைப்பம் கீழே கிடக்க, வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள் அந்தோணியம்மாள். எதிரே ஸ்ட்ரெச்சரில் தலை முதல் கால் வரை வெள்ளைத் துணி. ஒரு கை மட்டும் வெளியே தொங்கியது.

முதுநிலை சர்ஜரி மாணவி ஜோயா ஓடிவந்து துணியை விலக்கினாள்.

ஜெனிதா!

அவளோடு படிப்பவள், அறைத்தோழி. பட்டினப்பாக்கம் மீனவர் அங்கமுத்துவின் ஒரே மகள். மணிக்கட்டைப் பிடித்த ஜோயாவின் முகம் சட்டென்று மாறியது. துணியை மறுபடி இழுத்து மூடினாள்.

நேற்றுதான் ஜெனிதா, சர்ஜரி பிரிவின் சீஃப் டாக்டரிடம் லீவு கேட்டிருந்தாள். நாள் கணக்காகத் தூக்கமில்லை, கை நடுங்குகிறது, ஒரே ஒரு நாள் விடுங்கள் என்று அழுதிருந்தாள். தூக்கம்தான் பெரிசென்றால் மீன் விற்கப் போயிருக்கலாமே என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார் சீஃப் பிரசாத். கூட நின்ற ஜோயாவுக்கும் ஒரு குத்து... உங்கள் வீடுகளில் இந்நேரம் கல்யாணமே முடிந்திருக்குமாம்!

ஜோயா போனை எடுத்தாள். போலீசைக் கூப்பிட்டு, சீஃப் மேல் ஒரு புகார் என்றாள்.

சீஃபும் இன்ஸ்பெக்டர் மாளவிகாவும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். துணியைப் பார்த்ததும் சீஃப் எட்டவே நின்றுவிட்டார். நெற்றியில் முத்து முத்தாய் வியர்வை.

"மேடம், இந்தப் பொண்ணுக்கு மனசு சரியில்ல. ஏதோ லவ் மேட்டராம். நேத்தே நான் லீவு குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

"லீவுலயா இருந்தாங்க?"

"ஆமா மேடம். சத்தியமா."

ஜோயா கால்பக்கத் துணியைத் தூக்கினாள். பச்சை ரப்பர் செருப்பு.

"இது தியேட்டர் செருப்பு மேடம். ஆபரேஷனுக்கு உள்ள போறவங்கதான் போடுவாங்க. இவ ஷூ இன்னும் வாசல் ஷெல்ஃப்லயே இருக்கு. நைட்டு பூரா சாரோட கேஸெல்லாம் இவதான் தனியா பாத்தா. சார் அசோக் நகர்ல அவரோட சொந்த ஆஸ்பத்திரியில இருந்தார்."

சீஃப் பல்லைக் கடித்தார். "நீ பாஸ் பண்ணணுமா, வேணாமா?"

"ஃபெயில் பண்ணிக்குங்க சார். இனிமே பயப்பட மாட்டேன்."

மாளவிகா சீஃபின் பக்கம் திரும்பினாள். "டாக்டர்... நாடி பாத்தீங்களா?"

சீஃப் அவசரமாக ஸ்டெதஸ்கோப்பைத் தேடினார்.

அப்போது...

வெள்ளைத் துணி அசைந்தது! அந்தோணியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கேஸெல்லாம் முடிச்சுட்டு, வெளிச்சம் படாம போத்திட்டுத் தூங்குறா மேடம்," என்றாள் ஜோயா. "கையைப் பிடிச்சதுமே தெரிஞ்சுடுச்சு. உசுரோட கேட்டப்ப கிடைக்காத லீவு, செத்துட்டானு நெனச்சதும் உடனே கிடைச்சுடுச்சு பாருங்க."

"நேத்து நைட்டு எங்க இருந்தீங்கன்னு ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க டாக்டர்," என்றாள் மாளவிகா.

ஜெனிதா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். சீஃபைப் பார்த்தாள். துணியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

"அதான் சாரே லீவு குடுத்துட்டாருல்ல... லைட்டை அணைங்கடி!"