தேரைக்கு வைத்த நிஜப் பெயர்

தொட்டில் அசைகிறது என்று கைபேசி சொன்னபோது, குழந்தை தோவானின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

அவன் பயப்படவில்லை. பழைய கைபேசிகளைப் பழுதுபார்த்தே பிழைப்பவனுக்கு மலிவுச் சரக்கின் குணம் தெரியாதா? சைகோன் சந்தையில் குவியலாகக் கொட்டி விற்கும் கழிசலிலிருந்து ஒரு கேமரா, ஒரு மைக், பொத்தான் அளவு ஸ்பீக்கர் எல்லாம் பொறுக்கி, சோப்புப் பெட்டிக்குள் அடைத்துத் தொட்டிலின் தலைமாட்டில் கட்டியிருந்தான். பிள்ளை அசைந்தால் கைபேசிக்குச் செய்தி வரும். பெட்டி தோவானின் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடும். ஏழு மாதப் பிள்ளை "ஆ" என்று பதில் கொடுத்துவிட்டு மறுபடி தூங்கிப்போகும்.

அந்தப் பெயரால்தான் வீட்டில் தகராறு. மூத்தவளின் பெயரை ஊரே அழகு அழகு என்று கொஞ்சியது. ஒரு மாதம் நிறையுமுன் போய்விட்டாள். இவனை 'தேரை' என்றுதான் கூப்பிட வேண்டும், ஒரு வயது முடியும்வரை நிஜப் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று அவன் மனைவி லுவா சத்தியம் வாங்கியிருந்தாள். தேரையை எது தேடி வரப்போகிறது? தோவான் ஒரே ஒரு தடவை, கடையில் வைத்து, அந்த நிஜப் பெயரை மைக்கில் சொன்னான். மீதியெல்லாம் பெட்டி சொன்னது.

அன்று மத்தியானம் தன் நூடுல்ஸ் வண்டிக்குக் கிளம்பும்போது லுவா அதைக் கேட்டுவிட்டாள்.

"தேரைன்னு கூப்பிட்டா வாய் கோணிக்குமா உங்களுக்கு?"

"நான் எங்கடி கூப்பிட்டேன்? பெட்டி கூப்பிடுது."

"குரல் யாரோடது? ஆளில்லாத ரூம்ல எத்தனை தடவை கத்துச்சோ, எது எது காதுல விழுந்துச்சோ. அந்தியில பேர் சொல்லிக் கூப்பிட்டா பதில் குடுக்கக்கூடாது, குடுத்தா கூடவே போகணும்னு நமக்குத் தெரியும். அவனுக்குத் தெரியுமா? 'ஆ'ன்னு சொல்ல நீங்கதானே பழக்கினீங்க. பொழுது சாயறதுக்குள்ள மாத்துங்க."

அவன் சிரித்தான். பிறகு மறந்தும்போனான்.

இப்போது பொழுது சாய்ந்திருந்தது. தகரக் கூரையில் மழை ஒரே சீராக இரைந்தது. கீழ்வீட்டு ஊதுபத்திப் புகையும் கருவாட்டு வாடையும் பலகை இடுக்குகளின் வழியே மாடிக்கு ஏறி, ஈரத்தோடு கலந்து, விளக்கில்லாத அந்த உள்ளறையில் போய்த் தேங்கின. தோவான் பிள்ளையைத் தோளில் போட்டபடியே உள்ளே போனான். தொட்டில் அசையவில்லை. மெத்தையில் சின்னதாக ஒரு குழி. தொட்டான். சூடாக இருந்தது.

பெட்டியின் வயரைப் பிடுங்கினான். சிவப்புப் பொட்டு அணைந்தது. வெளியே வந்து கூடத்துச் சுவரோரம் உட்கார்ந்தான்.

"பாவோ லாம்."

உள்ளறையிலிருந்து. பிள்ளையின் நிஜப் பெயர். தோவானின் குரல்தான். ஆனால் கடையில் பதிந்தபோது பின்னால் ஒரு மோட்டார்சைக்கிள் ஹாரன் விழுந்திருந்தது. இதில் ஹாரன் இல்லை.

குழந்தை விழித்துக்கொண்டது. தலையை நிமிர்த்தி அறைப் பக்கம் பார்த்துச் சிரித்தது.

"தேரை, இங்க பாருடா. அப்பா இங்க இருக்கேன்."

திரும்பவில்லை. அப்பாவின் குரலில் அந்தப் பெயர் அவனுக்குப் பழக்கமே இல்லை. வாய் மெல்லத் திறந்தது.

தோவான் உள்ளங்கையால் பொத்தினான்.

ஓடிவிடலாம். ஆனால் படிக்கட்டு அந்த அறை வாசலை ஒட்டித்தான் இறங்குகிறது.

"பாவோ லாம்." இன்னும் கிட்டே. வாசலருகே.

"சொல்லாதடா. என் சாமி. சொல்லாத."

பிள்ளை நெளிந்தான். உள்ளங்கையில் வெதுவெதுப்பான மூச்சு. ஒரு சிறு முனகல். கையை இன்னும் இறுக்கினான்.

"பாவோ லாம்."

இறுக்கினான்.

பிஞ்சுக் கால்கள் வயிற்றில் உதைத்தன. பிறகு உதைக்கவில்லை.

கூப்பாடு நின்றது. மழை மட்டும். ஜெயித்துவிட்டோம் என்று தோவான் நினைத்தான். உள்ளங்கை காய்ந்திருந்தது. அதை எடுத்துப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

கீழே லுவாவின் செருப்புச் சத்தம். படியேறினாள்.

"ஏங்க, விளக்குகூடப் போடாம என்ன பண்றீங்க?"

அவன் கையிலிருந்த பிள்ளையை இருட்டு மறைத்திருந்தது.

இருட்டிய உள்ளறையில், தொட்டிலிலிருந்து, ஒரு சின்னக் குரல் "ஆ" என்றது.

"முழிச்சிட்டானா என் தேரை?" என்று சிரித்துக்கொண்டே லுவா அவனைத் தாண்டி உள்ளே போனாள்.