காயாத துளிகள்

கடைக்குள் நுழைந்தவன் குடையை மடக்கினான். மறுநொடியே, "ஐயையோ... ஸாரிங்க!" என்று பதறிப்போய், மேசை மேலிருந்த வாழ்த்து அட்டையைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தான்.

"தொடாதீங்க!"

அங்கே உட்கார்ந்து அட்டைகளுக்குப் படம் வரையும் அவள் போட்ட சத்தம் கடை முழுக்கக் கேட்டது. ஆனால் அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. பச்சை இலை மேல் உருண்டு நின்ற மழைத்துளிகள் எல்லாம் ஒரே இழுப்பில் கலங்கிப்போய்...

"என் குடைத் தண்ணிதான் தெறிச்சிடுச்சோன்னு..."

"அது தண்ணி இல்லைங்க, காயாத கோந்து! காலையிலேர்ந்து உட்கார்ந்து வரைஞ்சது!"

அவன் அட்டையைக் குனிந்து பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். ஈரம் சொட்டும் நெற்றி. அதன் கீழே சிரிப்பை அடக்கத் தெரியாத கண்கள்... அவள் கோபம் பாதி வழியிலேயே காணாமல் போனது.

"நான் நீச்சல் வாத்தியாருங்க. நாள் பூரா தண்ணியிலேயே கிடக்கிறவன். என்னையே ஏமாத்திட்டீங்களே, துளி மேடம்!"

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவனும்தான்.

மதிய வேளைகளில் வரத் தொடங்கினான். கடைக்காரர் கண்டும் காணாததுபோல் இருந்துகொண்டார்.

"வெளிச்சம் எந்தப் பக்கத்திலேர்ந்து வருதோ, துளிக்குள்ளே அந்தப் பக்கம் இருட்டா இருக்கணும். எதிர்ப்பக்கம் வெளுப்பு. இருட்டுல ஒரு வெள்ளைப் புள்ளி, வெளியே மெல்லிசா ஒரு நிழல்... அப்புறம்தான் மேலே கோந்து" என்று அவள் சொல்லிக்கொடுத்தாள்.

அவனும் வரைந்து பார்த்தான்.

"இது துளியா? சட்டைப் பட்டன் மாதிரி இருக்கு!"

"உங்களுக்கு நீச்சல் கத்துக்குடுக்கும்போது வெச்சுக்கறேன் கச்சேரியை!"

அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அக்கா உள்ளே வந்தாள். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவளைத் தூக்கி வளர்த்த அக்கா. அந்தப் பார்வை பட்டதும் அவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"யாருடி இவரு?"

"யாரோ... கார்டு வாங்க வந்தவரு."

அவன் முகம் ஒரு கணம் வெளுத்தது. "வரேங்க" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினான். குடையை விரிக்கக்கூட இல்லை.

நாளைக்கு வருவான் என்று நினைத்தாள். வரவில்லை. நானே போய்ப் பேசலாமே... ஏன், அவர் வந்தா என்னவாம்? இப்படியே வீம்பில் நாட்கள் கரைந்தன.

கடைசியில் கடைக்காரர்தான் சொன்னார். "நம்ம நீச்சல் வாத்தியாருக்கு நிச்சயம் ஆயிடுச்சாம்மா. அவங்க அம்மா பார்த்த பொண்ணு."

அன்று சாப்பிடாமல் படுத்தவளின் தலையைக் கோதியபடி அக்கா மெல்லக் கேட்டாள்: "அன்னைக்குக் கடையில பார்த்தேனே, அந்தப் பையனா?"

அவள் அழுதாள்.

"பைத்தியமே... என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே போய்ப் பேசியிருப்பேனே! நல்ல பையனாத்தானே தெரிஞ்சான்."

மறுநாள் அவள் நீச்சல்குளத்துக்குப் போனாள். வகுப்பு முடிந்து குழந்தைகள் கத்திக்கொண்டே வெளியே ஓடினார்கள். தோளில் துண்டோடு திரும்பியவன் அவளைக் கண்டு அப்படியே நின்றுவிட்டான்.

"எனக்கு நிச்சயம்..."

"தெரியும். தெரிஞ்சுதான் வந்தேன்." குரல் உடைந்தது. "வாக்கு குடுத்துட்டீங்க. அதை மாத்தச் சொல்லி வரலை. அன்னைக்கு உங்களை 'யாரோ'ன்னு சொன்னேன். பயத்துல சொன்னேன். அதையே நிஜம்னு நினைச்சுக்கிட்டு நீங்க போயிடக் கூடாது. எனக்கு உங்களைப் பிடிச்சிருந்துச்சு... இல்லை, பிடிச்சிருக்கு."

குளத்து ஓரத்தில் யாரோ ஒரு குழந்தை விட்டுப்போன செருப்பை அவன் குனிந்து எடுத்து ஓரமாக வைத்தான்.

"எனக்கும்தான்" என்றான், அவளை நிமிர்ந்து பார்க்காமல். "இல்லேன்னா அந்த ஒரு வார்த்தைக்கு நான் ஏங்க அவ்வளவு தூரம் நனைஞ்சுக்கிட்டே போகணும்?"