கெட்டியானது

அக்டோபர் மத்தியான வெயில் பட்டறைக்குள் நீளமாக விழுந்திருந்தது. மலையூரான கோச்கோரின் சாலையோரத்தில் கல்லறைக் கற்கள் செதுக்கும் தாஷ்தான், தம்பி மனைவி ஊல்கானின் கல்லுக்குக் கடைசி மெருகு போட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் அவளுடைய வருஷ நினைவு. ரஷ்யாவிலிருந்து தம்பி மெலிஸ் வந்தாயிற்று, விருந்துக்கு அறுக்கக் குதிரையும் வந்தாயிற்று. ‘அன்பு மனைவி, பனியில் வழி தவறியவள்’ என்று பொறித்திருந்தான். விஷயம் பொய்யானாலும் எழுத்து அழகாக வந்ததில் அவனுக்குத் திருப்தி.

வாசலில் ஒரு பெண் நின்றாள். சால்வையை மூக்குவரை இழுத்து விட்டிருந்தாள்.

“ஒண்ணு செய்யணும்.” தொண்டை கட்டிய குரல்.

“யாருக்கும்மா?”

“எனக்குத்தான்.”

தாஷ்தான் சிரித்தான். முன்கூட்டியே சொல்லி வைக்கிறவர்கள் அவனிடம் வருவதுண்டு. “அதுவும் நல்லதுதான். பிள்ளைங்களை நம்பினா எழுத்துப்பிழையோடதான் படுத்திருக்கணும். என்ன எழுத?”

“அப்புறம் சொல்றேன். கெட்டியானது கறுப்பா இருக்கட்டும்.”

“கெட்டியானதா? காய்ஞ்ச தயிர் உருண்டையா வாங்க வந்தே? கல்லுன்னு சொல்லேன், வாய் வலிக்குதா?”

“சொல்லக் கூடாது. என் வீட்டுக்காரரோட அண்ணன் பேரு அது.”

மெருகு போடும் கை நின்றது. புகுந்த வீட்டு மூத்தவர்களின் பெயரை மருமகள் சொல்ல மாட்டாள். அந்தப் பெயருக்குள் இருக்கிற சொல்லையும் தொட மாட்டாள். அவர்கள் மொழியில் தாஷ் என்றால் கல். தாஷ் என்று தொடங்கும் பெயர்கள் தெருவுக்கு நாலு உண்டு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

ஈரக் கம்பளி வாடை அடித்தது. சாலையில் புழுதி பறக்கிற வெயில். அவள் தோளில் பனி படிந்திருந்தது.

அது உருகவில்லை.

போன வருஷம் பனிப்புயல் அடித்த சாயங்காலம். வீட்டில் மெலிஸுக்கு உரிய பாதியைத் தாஷ்தானுக்கு எழுதிக் கொடுக்க முடியாது என்று ஊல்கான் சொன்னாள். அவளை வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டவன் தாஷ்தான். “பெரியத்தான், பெரியத்தான்” என்று அவள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அம்மா வீட்டுக்குக் கிளம்பிப் போனவள் பனியில் வழி தவறிவிட்டாள் என்று ஊரிடம் சொன்னான். அந்தத் தட்டலும் குரலும் கேட்டதாகப் பக்கத்து வீட்டு எசென் சொன்னபோது, “பெரியத்தான் எந்த வீட்லதான் இல்ல? என் பேரைச் சொல்லியா கூப்பிட்டா?” என்று கேட்டு வாயை அடைத்தான். சாகிற நேரத்திலும் அவள் மரியாதை தவறவில்லை. அந்த மரியாதைதான் இந்தப் பாவியைக் காப்பாற்றியது.

“நீ... யாரு?”

“வார்த்தையை முடிவு பண்ணிட்டேன்,” என்று கிசுகிசுத்தாள். “மூணே சொல்லு. அதுல ஒண்ணு மட்டும் அன்னிக்கு வாயில வரல.”

அவன் பின்வாங்கினான்.

“செத்தவ யாருக்கும் மருமக இல்ல, பெரியத்தான்.”

வாசலில் யாருமில்லை. தரையில் ஈரம் மட்டும் இருந்தது.

கல்லைப் பார்த்தான். அவன் பொறித்ததுதான் இருந்தது. உடனே துணி சுற்றிக் கயிறு போட்டு இறுக்கினான். மறுநாள் கல்லறையில் கல்லை நட்டு நிறுத்தும்வரை முடிச்சை யாரையும் தொட விடவில்லை.

தொழுகை முடிந்தது. மெலிஸ் துணியை உருவினான்.

ஊரார் எட்டிப் பார்த்தார்கள்.

மெலிஸ் மெதுவாக வாசித்தான். “கதவைத் திற, தாஷ்தான்.”

வாலை இழுத்துவிட்ட அந்த எழுத்து யாருடையது என்று மாவட்டத்துக்கே தெரியும்.

“அண்ணே, இது உங்க கைதானே? எந்தக் கதவு?”

“எனக்கென்ன தெரியும்? எவனோ விளையாடியிருக்கான்.”

டொக்.

கல்லுக்குள்ளிருந்து.

டொக். டொக்.

எசெனின் முகம் வெளுத்தது. “இதே தட்டுதான். அன்னிக்கு நான் கேட்டது.”

தாஷ்தான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். தட்டல் நிற்கவில்லை. அவன் வாய் தானாகத் திறந்தது. “தட்டுடி! விடிய விடியத் தட்டு! கையெழுத்துப் போடுறேன்னு சொல்ற வரைக்கும் திறக்க மாட்டேன்!”

தட்டல் நின்றது.

மெலிஸ் அண்ணனைப் பார்த்தான். அடிக்கவில்லை, திட்டவில்லை. கல்லின்மேல் ஒருமுறை கையை வைத்துவிட்டு நடந்தான். ஊரே அவன் பின்னால் போயிற்று. விருந்துக்கு வா என்று தாஷ்தானை ஒருவரும் கூப்பிடவில்லை.

தனியாக வீடு வந்து சேர்ந்தான். திடீரென்று பனி கொட்டத் தொடங்கியிருந்தது. காலையில் பூட்டிவிட்டுப் போன வீடு அது. பூட்டைத் திறந்து தள்ளினான். கதவு அசையவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

தட்டினான். கை மரக்கும்வரை தட்டினான்.

“யாரது?” உள்ளே தொண்டை கட்டிய குரல். “பேரைச் சொல்லு.”

“தாஷ்தான்! நான்தான், தாஷ்தான்!”

உள்ளே இரண்டாவது தாழ்ப்பாளும் விழுந்தது.