ரோஷீனின் மடி

அம்மா இறந்ததிலிருந்து ரோஷீன் பாலை அடக்கிக்கொண்டது. அப்பா கறந்தால் வாளியின் அடி மட்டும்தான் நனையும். அம்மாவின் கைக்கு மட்டுமே பழகிய பசு அது.

"வியாழக்கிழமை சந்தைக்கு ஓட்டிட்டுப் போறேன்," என்றார் அப்பா, உருளைக்கிழங்கின் தோலை உரித்தபடி. மாட்டுக் கயிறு ஆணியிலிருந்து இறங்கி, கதவருகே தயாராகக் கிடந்தது.

மகள் நூலா அந்தக் கயிற்றையே பார்த்தாள். அம்மாவின் மேலங்கியை அத்தை எடுத்துப் போய்விட்டாள். கட்டிலை யாருக்கோ கொடுத்தாயிற்று. இப்போது பசுவுமா?

"நல்லவங்கதான் பாலைத் திருடுறாங்க," என்றான் ஐந்து வயதுத் தம்பி டோனல். மேட்டுக்குள் குடியிருக்கும் மாய மனிதர்களை அயர்லாந்தின் அந்த மூலையில் அப்படித்தான் சொல்வார்கள். வேறு பெயர் சொன்னால் அவர்களுக்குக் கோபம் வருமாம்.

நூலாவுக்குச் சட்டென்று நினைவு வந்தது. நாளை மே மாதம் பிறக்கிறது. ஒவ்வொரு வருஷமும் அதற்கு முந்தின நாள் அம்மா பட்டர்கப் என்னும் மஞ்சள் காட்டுப் பூக்களைப் பறித்து வாசலில் தூவுவாள். பசுவின் மடியிலும் தடவுவாள். மஞ்சள் பூ பட்ட பாலை நல்லவங்க தொட மாட்டார்கள்.

அன்று மாலையே இருவரும் மேய்ச்சல் நிலத்துக்குப் போனார்கள். அம்மா ஒரு கைப்பிடிதான் பறிப்பாள். நூலா பாவாடை நிறையப் பறித்தாள். கல்லில் வைத்து நசுக்கி, சாறு வழிய வழிய மடியில் தேய்த்தாள்.

டோனல் ஒரு பூவைப் பசுவின் தாடைக்கு அடியில் பிடித்தான். பூவின் மஞ்சள் தாடையில் மின்னினால் வெண்ணெய் பிடிக்கும் என்பது பிள்ளைகளின் விளையாட்டு. "மஞ்சளாவே தெரியலையே அக்கா. இதுக்கு வெண்ணெய் பிடிக்காதா?"

"வெண்ணெய் குடுக்கிறதே அதுதான். பிடிச்சா என்ன, பிடிக்காட்டி என்ன?"

மறுநாள் காலையில் ரோஷீன் வாளியை உதைத்துத் தள்ளியது.

"இப்ப உதைக்கவும் கத்துக்கிட்டியா?" என்றார் அப்பா. "போதும்மா உன் சகவாசம்."

நூலா கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். உள்ளங்கையெல்லாம் எரிந்தது. கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது.

வேலிக்கு அப்பால் நிலத்தைப் பார்த்தாள். புல்லை மாடுகள் ஒட்ட மேய்ந்திருந்தன. பட்டர்கப் பூக்கள் மட்டும் தலை நிமிர்ந்து நின்றன. ஒரு மாடுகூட வாய் வைக்கவில்லை. தினமும் பார்த்த காட்சிதான். இன்றுதான் அதன் அர்த்தம் புரிந்தது.

சொன்னால் அப்பா திட்டுவார். சொல்லாவிட்டால் ரோஷீன் கெட்ட பெயரோடு போகும்.

"அப்பா," என்று கைகளை நீட்டினாள். "மாடு மேல தப்பில்ல. நான்தான் பூவை நசுக்கித் தேய்ச்சேன். சாறு பொசுக்கிடுச்சு."

அப்பா அந்தக் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"உங்கம்மா நசுக்க மாட்டா," என்றார் மெல்ல. "பனி ஈரத்தோட, பூவால சும்மா வருடி விடுவா."

அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அவர் அம்மாவைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

நூலா அழுதாள். அவள் எப்போதும் அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கையைப் பார்க்கவே இல்லை.

புண் மடியோடு எந்த மாடும் விலை போகாது. வியாழக்கிழமை அப்பா சந்தைக்குப் போகவில்லை. "ஆறட்டும். அப்புறம் பார்க்கலாம்," என்றார்.

காலையும் மாலையும் நூலா ஓடைத் தண்ணீரால் மடியைக் கழுவினாள். உப்பில்லாத வெண்ணெயைப் பூசினாள். பசுவின் வயிற்றில் நெற்றியைச் சாய்த்து, "எனக்கும் எரியுது, தெரியுமா?" என்று முணுமுணுத்தாள். முதலில் ரோஷீன் விலகியது. பிறகு நின்றது. மடி ஆறிய ஒரு காலையில், அவள் விரல் பட்டதும் பாலை விட்டது. வாளியில் நுரை ஏறியது.

அப்பா வாசலில் நின்று பார்த்தார். கயிற்றை எடுத்துப் பழைய ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

அன்று வெயிலில் டோனல் ஒரு பூவை நூலாவின் முகவாய்க்கு அடியில் பிடித்தான்.

"மஞ்சளா மின்னுது. உனக்கு வெண்ணெய் பிடிக்கும்." சற்று யோசித்தான். "அம்மாவுக்குப் பிடிக்குமா அக்கா? நாம பிடிச்சுப் பார்க்கவே இல்லையே."

"நான் ஒரு தடவை பிடிச்சுப் பார்த்தேன்டா," என்றாள் நூலா. "முகமெல்லாம் மஞ்சளா மின்னுச்சு."