பத்து நாள் நல்ல பிள்ளை

அவளை எல்லோரும் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பேர்ப்பட்டவள் பத்து நாளாக வாயைத் திறக்கவில்லை. பாத்திரம் கழுவினாள். தம்பியோடு சண்டை போடவில்லை. கணக்கில் நூற்றுக்கு நூறு வேறு! நம்பவே முடியவில்லை, இல்லையா?

காரணம் இருந்தது. ஒருநாள் அப்பா குடித்துவிட்டு, "உங்களாலதான் எனக்கு நிம்மதியே போச்சு!" என்று கத்தினார். நாம் ஒழுங்காக இருந்தால் அப்பா குடிக்க மாட்டார் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

பத்தாம் நாளும் அப்பா தள்ளாடிக்கொண்டுதான் வந்தார். அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

மறுநாள் பள்ளி நூலகக் கணினியில், பிள்ளைகள் ஆலோசகரோடு எழுதிப் பேசும் பக்கத்தைத் திறந்தாள். டீச்சர் வகுப்பில் சொன்ன பக்கம்தான். அதில் சொந்தப் பெயர் தர வேண்டியதில்லை. 'குட்டி யானை' என்று போட்டாள்.

"வணக்கம் குட்டி யானை! நான் ஆலோசகர் அக்கா. என்ன விஷயம்?"

"அப்பா குடிக்கிறாரு. பத்து நாளா நான் ரொம்ப நல்ல பிள்ளையா இருக்கேன். இன்னும் எத்தனை நாள் இருக்கணும்?"

பதில் வந்தது.

"ஒரு நாள்கூட வேண்டாம் கண்ணு. அவர் குடிக்கிறது உன்னால இல்ல. நிறுத்த வைக்கிறதும் உன் வேலை இல்ல. அது டாக்டரும் பெரியவங்களும் பார்க்க வேண்டியது."

"அப்போ பத்து நாளும் வேஸ்ட்டா? ஜன்னல் பக்கத்து இடத்தைக்கூட தம்பிக்கு விட்டுக்கொடுத்தேனே!"

"ஐயோ! அதை முதல்ல திரும்ப வாங்கு. சரி, பயமா இருந்தா யார்கிட்ட போவே?"

"மாடி வீட்டுச் சித்தி. பஸ் ஓட்டுறாங்க. யாருக்கும் பயப்பட மாட்டாங்க."

"அருமை! இன்னிக்கே அவங்ககிட்ட சொல்லு. இங்கயும் எப்ப வேணாலும் வா."

வீட்டுக்கு வந்தால், ஆறு வயதுத் தம்பி செருப்புகளை எல்லாம் வரிசையாக அடுக்கிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னடா பண்றே?"

"ஷ்! நான் சத்தமே போடல. இன்னிக்கு அப்பா குடிக்க மாட்டாருல்ல?"

இவனுமா! பக்கத்தில் உட்கார்ந்து அவனைக் கட்டிக்கொண்டாள்.

"டேய், அது உன்னால இல்லடா. என்னாலயும் இல்ல."

"நான் பாலைக் கொட்டினேனே?"

"கொட்டினாலும் இல்ல."

"நிஜமா?"

"சத்தியமா."

"அப்ப கத்தலாமா?"

"கத்து!"

அவன் கத்திய கத்தலில் சித்தியே பதறிப்போய் இறங்கி வந்தார். வாயாடி எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்று விடாமல்.

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அம்மா வேலையிலிருந்து வரட்டும், நாங்க பேசிக்கிறோம். நீங்க மேல வாங்க."

அன்று மாலையும் அப்பா குடித்துவிட்டுத்தான் வந்தார். கீழே கதவு படாரென்று சாத்துவது மாடியில் கேட்டது. ஆனால், நாம் என்ன தப்பு செய்தோம் என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

"அக்கா, பசிக்குது" என்றான் தம்பி.

"எனக்கும்தான்டா" என்றாள் அவள்.